முதுகில்லாத நீலச் சட்டை

அன்புள்ள சின்னவளின் அம்மாவுக்கு,

நான் நலம். பெரியவன் வீட்டில் எல்லோரும் நலமா? அங்கே குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? சின்னவள் பேச்சை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். நான் சொல்லச் சொல்ல எழுதுவது பக்கத்து வீட்டு நர்ஸம்மா. திட்டுவதென்றால் என்னைத் திட்டு, கையெழுத்தைத் திட்டாதே.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்று நம் சின்னவள் விமானத்தைத் தனியாக ஓட்டிவிட்டாள்! பக்கத்தில் வாத்தியார் இல்லை. மேலே ஏறி, மைதானத்தைச் சுற்றிவந்து, பூப்போல இறக்கிவிட்டாளாம்.

ஆனால் எனக்கு அது முதலில் தெரியாது. வீட்டுக்கு வந்தவள் தோளில் துண்டு போர்த்தியிருந்தாள். துண்டு நழுவியது. நீ தைத்துக் கொடுத்த நீலச் சட்டைக்கு முதுகே இல்லை! கத்தரிக்கோல் வெட்டு. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவள் வாயைத் திறக்குமுன் குடையை எடுத்துக்கொண்டு பயிற்சிக் கூடத்துக்குப் போய், “எம் பொண்ணு சட்டையில எவன்யா கை வச்சது?” என்று கத்தினேன்.

“நாந்தான் பெரியவரே, முதல்ல உக்காருங்க” என்றார் வாத்தியார். அந்தக் காலத்தில் மாணவர் முன்னாலும் வாத்தியார் பின்னாலும் உட்காருவார்களாம். இரைச்சலில் பேச்சுக் கேட்காது. சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் சொல்லிக்கொடுப்பார்களாம். தனியாக ஓட்டியவரை இனி இழுக்க வேண்டியதில்லை என்று முதுகுத் துணியை வெட்டிவிடுவது அவர்கள் வழக்கம். நான் குடையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். பின்னாலேயே ஓடிவந்தவள், “மானத்த வாங்கிட்டியேப்பா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நீ நினைப்பதுபோல இது விளையாட்டு இல்லை. டாக்டர் கண், காது, இதயம் எல்லாம் பார்த்துச் சான்று கொடுத்த பிறகுதான் விட்டார்கள். எழுத்துப் பரீட்சைக்குக் காற்றையும் மேகத்தையும் சமையலறையில் அவள் கத்திப் படித்ததில் எனக்கே பாதி மனப்பாடம். இன்னும் வெளியூர்வரை தனியாகப் போய்த் திரும்ப வேண்டும், இருட்டில் இறக்க வேண்டும். கடைசியில் பரிசோதகர் பக்கத்தில் உட்கார்ந்து, நடுவானில் என்ஜினைத் தணித்துவிட்டு, “இப்ப என்ன செய்வே?” என்று கேட்பாராம். அவர் சரி என்றால்தான் உரிமம். அதுவரை பெற்ற அப்பனைக்கூட ஏற்றக் கூடாது.

உனக்காக ஒருமுறை, “போதும்மா, விட்டுடு” என்று சொல்லிப் பார்த்தேன். “இன்னும் கொஞ்சந்தாம்பா” என்றாள். உன்னை நான் முதன்முதலில் பார்த்தது தண்ணீர்த் தொட்டி ஏணியில். “இறங்குடி!” என்று கீழே உன் அப்பா கத்துகிறார். “இன்னும் ரெண்டு படிதாம்பா” என்று நீ உச்சிவரை போனாய். இவள் யாரைக் கொண்டு பிறந்தாள் என்று என்னைக் கேட்காதே.

வெட்டிய துணியில் பெயர் எழுதிச் சுவரில் மாட்டுவார்களாம். இவள் தரவில்லை. “அம்மா தைச்சது, அம்மாகிட்டயே போகட்டும்” என்றாள். இந்த உறையில் இருக்கிறது. உரிமம் வந்ததும் முதலில் ஏறப்போவது நான்தான் என்று மார்தட்டியிருந்தேன். “அந்த சீட்டு அம்மாவுக்கு” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். போகட்டும், நான் இரண்டாவதாக ஏறிக்கொள்கிறேன்.

பரீட்சைக்குப் போட்டுக்கொள்ள அவளுக்கு நல்ல சட்டை இல்லை. நீதான் தைக்க வேண்டும். பழைய அளவு சரிவராது, தோள் அகன்றிருக்கிறது. எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவளிடமே கேட்டுக்கொள்.

போன் மணிக்குக் காதை வைத்திருக்கும்,
உன் வீட்டுக்காரர்