குதிகாலோடு முடியும் அலகு

போடிநாயக்கனூர்,
1938 ஜனவரி 21.

மகன் செல்லப்பாண்டிக்கு உன் தகப்பன் ஞானசிகாமணி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் தாயும் சுகம். லண்டனில் நீயும் உன் தங்கை ஜெபராணியும் சுகமாயிருக்க இரு வேளையும் ஜெபித்து வருகிறோம். இவ்வருஷம் ஏலக்காய் விளைச்சல் மத்திமம், விலை நயம்.

உன் ஆகாயத் தபால் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கோபத்தோடு பதில் எழுதலாகாது என்று இன்றுவரை பொறுத்திருந்தேன். கோபம் குறையவில்லை. கையெழுத்து மட்டும் சீராகியிருக்கிறது.

நீ எழுதியவற்றை உனக்கே ஒருமுறை நினைவூட்டுகிறேன். பனிக்கட்டித் தளத்தில் சறுக்கி ஆடும்போது ஜெபராணி விழுந்து, இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல் கண்டாள். அவளோடு கைகோத்து ஆடியவன் உடன் வைத்தியம் படிக்கும் வேல்ஸ் தேசத்து வாலிபன். இது நம் வீட்டுப் பெண்ணுக்கு அடுக்காது. பிப்ரவரிக் கடைசியில் அவள் கொடுக்கவிருக்கும் நடனப் பரீட்சைக்கு முன்பாகவே அவளைக் கப்பலேற்றும்படி நான் விடுதித் தலைவிக்கு எழுத வேண்டும். வைத்தியப் படிப்பு நின்றாலும் பாதகமில்லை. இவ்வளவும் முதல் மூன்று பக்கங்களில்.

நாலாம் பக்கத்தில் நீ பெருமையாக ஒன்று எழுதியிருக்கிறாய். அவளுக்காகப் பூட்ஸும் அதன் அடியில் பூட்டும் எஃகு அலகும் வாங்க நீ போனபோது, எந்த வகை ஆட்டத்துக்கு என்று கடைக்காரர் கேட்டாராம். நடனத்துக்கு என்று அவள் எழுதிக்கொடுத்த சீட்டு உன் சட்டைப்பையில் இருந்தது. நீயோ தனி ஆட்டத்துக்கு என்று சொல்லி, பின்புறம் வால் நீண்ட அலகை வாங்கினாய். கடையில் இதுதான் இருந்தது என்று அவளிடம் சொன்னாய். அதை மாட்டிக்கொண்டு ஓர் ஆண்பிள்ளையோடு நெருங்கி ஆட முடியாது, குடும்ப மானம் தப்பும் என்பது உன் யோசனை. நான் மெச்சுவேன் என்று எண்ணியே இதை எழுதியிருக்கிறாய்.

உன் தாய் உனக்காக வாதாடினாள். “பெருசா வாங்குனா ரொம்ப நாளைக்கு வரும்னு வாங்கியிருப்பான். நாம அவனுக்கு அப்படித்தான வாங்கிக் கொடுத்தோம், செருப்பு சட்டையெல்லாம்” என்றாள். நாலாம் பக்கத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

நீ இன்ஜினீயரிங் படிக்கிறவன். ஆகையால் உன் பாஷையிலேயே சொல்கிறேன். இவையெல்லாம் உன் தங்கை முந்திய கடிதங்களில் எனக்குப் படம் வரைந்து எழுதி விளக்கியவை. தனி ஆட்டத்தில் உயரத் தாவி, ஒற்றைக் காலில், பின்னோக்கி இறங்க வேண்டும். இறங்குகிறவளின் பாரம் பின்னால் சாயும். அதைத் தாங்க அலகின் வால் குதிகாலுக்கு அப்பாலும் நீண்டிருக்க வேண்டும். பனிமேல் வட்டமும் எட்டும் கோடு பிசகாமல் வரைகிற ஆட்டத்தில், அலகின் முனையிலுள்ள பல் தரையில் உரசிக் கோட்டைக் கெடுக்காதபடி சிறிதாக இருக்க வேண்டும். கைகோத்து ஆடும் நடனமோ வேறு. அங்கே இருவர் பாதங்களும் ஒன்றையொன்று ஒட்டிக் கடக்கின்றன. அலகு குதிகாலோடு முடிய வேண்டும். ஓர் அங்குலம் மிஞ்சினாலும் அதன் வால் அவளுடைய மற்றக் காலையோ அவன் காலையோ தட்டிவிடும். அவள் விழுந்தது அந்த வாலிபனால் அல்ல. நீ வாங்கிய அந்த ஓர் அங்குலத்தால்.

இதைக் காகிதத்தில் மட்டும் நம்பாமல் பரிசோதித்தும் பார்த்தேன். ஏலக்காய்ப் பெட்டி செய்யும் பலகையில் நான்கு சட்டம் அறுத்து, குதிகாலுக்குப் பின்னே நீளும்படி எங்கள் இருவர் செருப்பிலும் சணலால் கட்டினேன். வாசற்கதவைச் சாத்தி, உன் தாயின் கைகளைப் பிடித்து, அவளைப் பின்னோக்கி நடக்கச் செய்தேன். மூன்றாம் எட்டில் அவள் சட்டம் என் சட்டத்தில் மாட்டி, இருவரும் பீரோவின் மேல் சாய்ந்தோம். பிறகு வாலை அறுத்துவிட்டு நடந்தோம். கூடத்தின் கோடி வரைக்கும் தட்டாமல் போய்த் திரும்பினோம். உன் தாய்க்குக் கண்ணில் நீர் வருமட்டும் சிரிப்பு. “கல்யாணத்தன்னைக்குக்கூட நீங்க இப்படிக் கையப் பிடிக்கலையே” என்றாள். சிரிப்பு அடங்கியதும், “இம்புட்டுத்தானா? இந்தத் துண்டக் குறைச்சா ஆகுறதுக்கா பிள்ளையத் திருப்பிக் கூப்பிடச் சொல்றான்?” என்று கேட்டாள். அதற்கு மேல் உனக்காக அவள் பேசவில்லை.

நீ சபைக் காரியதரிசிக்கும் தனியே எழுதியதாக அறிகிறேன். அது சபையில் நிற்காமல் கடைவீதிக்கு வந்துவிட்டது. ஏலக்காய் வியாபாரி வேலுச்சாமி பத்துப்பேர் நடுவில், “என்ன அண்ணாச்சி, நம்ம ராணி சீமையில வெள்ளக்காரன் கையப் பிடிச்சுக்கிட்டு ஆடுதாம்ல, சொன்னாக” என்றார். ஆமாம், பிடித்துத்தான் ஆடுகிறாள், பிடிக்காவிட்டால் இருவரும் விழுவார்கள் என்றேன். “விழுந்துருச்சாம்ல?” என்றார். எழுந்தும்விட்டாள் என்றேன். “பெறகென்ன, நம்ம ஊருப் பிள்ளைல்ல” என்று அவரே சிரித்தார். மானம் போகவில்லை, செல்லப்பாண்டி. அது நீ காவல் காக்கும் இடத்தில் இல்லை.

ஜெபராணியின் கடிதமும் அதே தபாலில்தான் வந்தது. கைக்கட்டைப் பற்றி ஒரே வரி. வலக்கை நன்றாயிருப்பதால் சரீர சாஸ்திரப் பரீட்சை தடைபடவில்லை, வகுப்பில் முதலாவதாக வந்தேன் என்று இன்னொரு வரி. அலகைப் பற்றி, “அண்ணன் பனியில் நடந்து போய் வாங்கி வந்தது, சற்று நீளம், பழகிக்கொள்வேன்” என்று எழுதியிருக்கிறாள். உன்னைப் பற்றி அவள் எழுதியது அவ்வளவே. விழுந்த பின் பாட்டின் அடுத்த சுற்று தொடங்குமுன் எழுந்து நின்றுவிட்டாளாம். ஆனால் கூட ஆடுகிறவர் பயந்துவிட்டார், அவரைத் தேற்றுவதுதான் கஷ்டமாயிருந்தது என்கிறாள்.

நான் பனிக்கட்டியை மதுரையிலிருந்து மரத்தூள் மூடி வரும் பாளமாகவே கண்டவன். கலியாண வீட்டில் சர்பத்துக்காக உடைக்கும்போது கையில் எடுத்தால் கை எரியும், கீழே விட்டால் நிற்காமல் ஓடும். அதன்மேல், என் மகள், பின்னோக்கி, சங்கீதம் தப்பாமல் போகிறாள். முதல் குளிர்காலத்தில் ஓரத்துக் கம்பியை விடமாட்டாதவளை, இரண்டாம் குளிர்காலத்தில் ஆசிரியரே கூப்பிட்டுப் பரீட்சைக்குப் பேர் கொடுக்கச் சொன்னார். இதை நினைத்துக்கொண்டு கடைவீதியில் நடக்கும்போது என் முதுகு தானாக நிமிர்கிறது. மறைக்க முயல்வதில்லை.

விடுதித் தலைவிக்கு நீ கேட்டபடியே எழுதிவிட்டேன். என் மகள் அங்கேயே தங்கிப் படிப்பாள், நடனப் பரீட்சையும் கொடுப்பாள், இரண்டும் என் பூரண சம்மதத்தோடு, என்று கையொப்பமிட்டு அனுப்பியிருக்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. அதே கடைக்குப் போ. இந்தத் தடவை நடனத்துக்கு என்று வாய் திறந்து சொல். குதிகாலோடு முடியும் அலகை வாங்கி, ஆள்மூலம் அனுப்பாமல், நீயே கொண்டுபோய் அவள் கையில் கொடு. முதல் அலகை ஏன் வாங்கினாய் என்பதையும் அப்போதே சொல். நான் அவளுக்கு எழுதவில்லை, எழுதப்போவதுமில்லை. அது உன் வாயால் வர வேண்டியது.

வைகாசியில் நான் கப்பலேறி வந்து அவள் ஆடுவதைக் கண்ணால் பார்ப்பதாக இருந்தது இனி நடவாது. மதுரை டாக்டர், நான் நம் எஸ்டேட்டுக்கு மலை ஏறுவதையே நிறுத்தச் சொல்லிவிட்டார். மாடிப்படிக்கும் கணக்கு வைத்திருக்கிறார். கூடத்தில் நடந்த பரிசோதனையை அவரிடம் சொல்லவில்லை. நீயும் ஜெபராணியிடம் இதைச் சொல்ல வேண்டாம், பரீட்சை முடியட்டும்.

ஆகவே பரீட்சை நாளன்று ஓரத்துக் கம்பியருகே நீ நின்றாக வேண்டும். அந்த வாலிபனுக்கு வந்தனம் சொல். அவள் முகத்தையும், அவள் உடுத்தியிருப்பதையும், பாட்டு எப்படித் தொடங்கிற்று என்பதையும் பார்த்துக்கொள். இரண்டு குதிகால்களும் ஒன்றையொன்று தட்டாமல் கடக்கிற இடத்தை விடாமல் பார். அன்றைக்கே உட்கார்ந்து, ஒன்றும் குறைக்காமல் எனக்கு எழுது. எத்தனை பக்கமானாலும் படிப்பேன். அங்கே எனக்கு உன்னைத் தவிர வேறு கண் இல்லை, மகனே.

கர்த்தர் உங்கள் இருவர் கால்களையும் இடறாமல் காப்பாராக.

உன் தகப்பன்,
சா. ஞானசிகாமணி.