இரண்டு டஜன், ஐந்து பீஸ்

ஜூலை 2007, செவ்வாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, பொறுக்கிய விதைகளை எண்ணச் சொல்லியிருந்தேன். ஹெட்மாஸ்டர் வந்து நின்றார். கவிதா பன்னிரண்டு வரை எண்ணினாள். அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

"பன்னெண்டுக்கு மேல தெரியலீங்களே டீச்சர். மரத்தடியில வெளையாட வுட்டா இப்பிடித்தானுங்க" என்றார், பிள்ளைகள் முன்னாலேயே. நாளையிலிருந்து பாடம் வகுப்பறைக்குள்தானாம்.

கவிதா மீதியையும் எண்ணி முடித்து எழுந்து நின்றாள். "ரெண்டு டஜன், அஞ்சு பீஸுங்க சார்."

அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் நடையைக் கட்டினார். என்ன மனுஷன்! நான் எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்பது. ஒன்றுகூடப் பிசகவில்லை. அவர் முதுகுக்குக் கேட்கட்டும் என்று எல்லோரையும் பலமாகக் கைதட்டச் சொன்னேன்.

பிறகுதான் கேட்டேன், "டஜன் கணக்கு யாரு கண்ணு சொல்லிக் குடுத்தா?"

"ஊட்டுல அம்மாகூட கம்பெனி பனியன் அடுக்குவனுங்க டீச்சர். டஜன்ல ஒண்ணு கொறஞ்சா அடிதானுங்க."

பிள்ளைகள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டச் சொன்னவள் நான்.