பலகைக்கு முதுகு

இந்த மனுஷனுக்கு ஊர் நியாயமெல்லாம் தெரிகிறது, கண் மட்டும் தெரியவில்லை. காலையில் உங்களைப் பார்த்தபடி மனதுக்குள் இப்படித்தான் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுச் சொன்னால் சண்டை வரும் என்று எழுதுகிறேன்.

ஏனுங்க, எழுத்து பெரிதாகத்தான் இருக்கிறது. கை நீளம் போதாவிட்டால் சீட்டைச் சுவரில் செருகிவிட்டு, வாசலில் நின்று படியுங்கள்.

களி சட்டியில் இருக்கிறது. கிண்ணத்தில் இருப்பது துவையல். போன வாரம் சீயக்காய் என்று தலையில் தேய்த்துக்கொண்டீர்களே, அதே துவையல்.

நேரான நிலைக்கதவு கோணலாகத் தெரிகிறது என்று ஆசாரியோடு சண்டை. சாமைக்காட்டுப் பொம்மையிடம் "ஏனப்பா காளியண்ணா, சோறு தின்னாச்சா?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் பேசவில்லை என்று மூன்று நாள் கோபம். கெட்டுப்போகிறேன் என்று கண் இதைவிட எப்படித்தான் சொல்லும்?

இந்தக் கண்ணோடு மிளகு பறிக்க மரம் ஏறுகிறீர்கள். கிளை என்று நினைத்துக் காற்றில் கால் வைத்துவிட்டால்?

செம்மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கண் டாக்டர் வந்திருக்கிறார். நான் முன்னதாகச் சந்தைக்குப் போய்விட்டு அங்கே வந்துவிடுவேன். நீங்கள் மதியம் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள்.

இருசாயி

சாவி ஆணியில் தொங்குகிறது. தடவ வேண்டாம், பக்கத்தில் அரிவாள்.

ஏணியைப் பக்கத்து ஊட்டுக் கண்ணாயியிடம் கொடுத்து வைத்துவிட்டேன். கேட்டாலும் தரமாட்டாள்.

"டாக்டர் பலகையில இருக்கற எழுத்தையெல்லாம் முந்தியே எழுதி வை கண்ணு, மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சுப்போடறேன்" என்றீர்கள். நான் எழுதி வைக்க மாட்டேன். பலகைக்கு முதுகைக் காட்டி, நீங்கள் வரும் வழியைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.