மச்சான், அந்தப் பயலுக்குக் கை நடுங்கவில்லை

என் அக்காளைக் கட்டிய நாளிலிருந்து எனக்குத் தகப்பன் மாதிரி இருந்த மச்சானே,

குவைத் சண்டை முடிந்து, அங்கே எண்ணெய்க் கிணறுகள் எரிந்த வருஷம். நாம் வேலை பார்த்த ருவைஸ் கேம்பில் பழைய மெஸ்ஸை இடித்துவிட்டுப் புதுசு கட்டினார்கள். எனக்கு மகள் பிறந்த சேதி கேசட்டில் வந்தது. அக்காள் பேசி அனுப்பிய கேசட், பின்னால் பிள்ளை அழுகிற சத்தம். அந்தக் குளிர்காலத்தில்தான் நாம் வாலிபால் ஃபைனலில் தோற்றோம்.

அன்றைக்கு அழுத அந்தச் செல்விதான் இப்போது இதை எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது என்று உங்களுக்குத் தெரியாதா? நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். அஜ்மானில் அவள் வீட்டுக்கு வந்து ஒரு மாசம் ஆகிறது. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது.

முந்தாநாள் ஒன்று நடந்தது. அதிலிருந்து சோறு இறங்கவில்லை.

நம் கேம்ப் ஸ்டோர்கீப்பர் ஜோசப் தோளில் ஒரு வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவாரே, ஞாபகம் இருக்கிறதா? அவரும் போய்விட்டார். அவர் மகன் ஷார்ஜாவில் இருக்கிறான். அப்பா எடுத்து வைத்திருந்த வீடியோ கேசட்டை எல்லாம் ஃபோனில் பார்க்கிற மாதிரி மாற்றி, செல்விக்கு ஒன்றை அனுப்பினான். அந்த ஃபைனல், முழு மேட்சும் அதில் இருக்கிறது.

எனக்குப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை என்று நினைத்தேன். அந்த மேட்ச் எனக்குப் பந்து பந்தாக மனப்பாடம். முப்பது வருஷத்துக்கு மேல் கல்யாண வீட்டிலும் எழவு வீட்டிலும் அதைச் சொல்லிக்கொண்டு வந்தவன் நான். கேட்டவர்கள் எல்லோரும், காளிமுத்துவுக்கு என்ன ஞாபகம்ப்பா என்பார்கள்.

செல்விக்குப் பழசு தெரியாது, அவளுக்காகவும் சொல்கிறேன். சாரத்திலிருந்து விழுந்து என் முட்டி போகிற வரைக்கும் நம் டீமில் நான்தான் லிஃப்டர். மற்றவன் அடிக்கிறதுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன். வருகிற பந்தெல்லாம் அவன் கை வழியாகத்தான் போகும். யாருக்குக் கொடுப்பது என்று கண் மூடித் திறப்பதற்குள் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் அடிப்பவர். அதோடு எங்கள் எல்லோருக்கும் ஃபோர்மேன்.

எனக்குப் பதில் ஆள் தேடினோம். ஊரிலிருந்து புதுசாக வந்து இறங்கியவர்களில் முருகேசன் என்று ஒருத்தன், இருபத்தொரு வயசு, அறந்தாங்கிப் பக்கம். நீங்களும் நானும் அவனைச் சோதித்த விதத்தை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது. மெஸ்ஸிலிருந்து முட்டை வாங்கி வந்து அவனை நோக்கி எறிந்தோம். விரல் மெத்தென்று இருக்கிறதா என்று பார்க்கிறோமாம். ஆறு முட்டையில் ஒன்றுகூட உடையவில்லை. அப்புறம் நெட்டில் விட்டோம். நீங்கள் கை தூக்கிக் கூப்பிடுகிறீர்கள், அவன் அந்தப் பக்கம் அடிக்க நிற்கிற பஷீர் பாய்க்குக் கொடுக்கிறான். மறுபடி கூப்பிடுகிறீர்கள், பின்னால் நிற்கிற தங்கச்சாமிக்குக் கொடுக்கிறான்.

"முட்டையைப் பார்க்கிறான், என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்கிறானேடா?" என்றீர்கள்.

"முதல் நாளே உங்க மூஞ்சியைப் பார்த்தா ஊருக்கு ஓடிருவான் மச்சான்" என்றேன் நான்.

சிரித்தோம். ஆனால் அவன் கொடுத்த அந்த ரெண்டு பந்தும் பாயிண்ட் ஆனதை நாம் பேசவே இல்லை. தலைக்கனம், தட்டிச் சரி பண்ணலாம் என்று பேசினோம். பண்ணினோம். ஒரு மாசத்தில் பந்து எங்கே வந்தாலும் உங்களுக்கே தூக்கினான். பயல் தேறிவிட்டான் என்று நான்தான் கேம்ப் முழுக்கச் சொன்னேன்.

மச்சான், ஒரு ஃபோர்மேன் கை தூக்கிக் கூப்பிட்டால், அவருக்குக் கீழே ஹெல்பராக இருக்கிறவன் வேறு யாருக்குக் கொடுப்பான்? மறுநாள் டியூட்டி போடுவது நீங்கள்தானே? இது நமக்கு ஏன் உறைக்கவில்லை? நான் உங்கள் மச்சினன், உங்களுக்குத் தூக்கியே பழகியவன். அதுதான் லிஃப்டர் வேலை என்று நினைத்து, அந்த அளவை வைத்தே அவனையும் அளந்தேன்.

நான் ஊருக்கெல்லாம் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். கடைசி செட், பதிமூன்றுக்குப் பதிமூன்று. முருகேசனுக்குக் கை நடுங்கிவிட்டது, ரெண்டு பந்தையும் தாழ்வாகத் தூக்கினான், மச்சானால் அடிக்க முடியவில்லை, தோற்றோம்.

ஃபோனில் பார்த்தேன். இரண்டு பந்தும் தாழ்வாக வரவில்லை. நெட்டுக்கு மேலே, நீங்கள் எப்போதும் கேட்கிற அதே இடத்தில் பூப்போல் வந்து நின்றது. எதிரே ரெண்டு நெட்டைப் பஞ்சாபிகள் உங்களுக்காகவே காத்துக்கொண்டு நிற்கிறார்கள். நீங்கள் அவர்கள் கையிலேயே அடித்தீர்கள். இரண்டு தடவையும்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அதற்குக் கொஞ்சம் முன்னால், டைம் அவுட். கேமரா நம் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முருகேசன் தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்கிறான்.

"அண்ணே, ஃபோர்மேனுக்கு எதிர்ல ரெண்டு பேர் நிக்கிறாங்க. பஷீர் பாய் பக்கம் ஆளே இல்லை. அங்கிட்டுக் குடுக்கவா?"

ஒரு குரல் சொல்கிறது: "உன்னை யாருடா யோசிக்கச் சொன்னது? மச்சானுக்கே குடு. நாளைக்கு அவர் முகத்துல முழிக்க வேண்டாமா?"

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, இது நீங்கதானே?"

"நான் இல்லை" என்றேன்.

அவள் மறுபடி ஓட்டினாள். மூன்றாவது தடவை ஓட்டியபோது போதும் என்று கையைக் காட்டினேன்.

நான் அப்படிச் சொன்னதே என் ஞாபகத்தில் இல்லை மச்சான். அன்றைக்கு அடித்த காற்று ஞாபகம் இருக்கிறது, ரெஃப்ரி போட்டிருந்த தொப்பி ஞாபகம் இருக்கிறது. இது மட்டும் எங்கே போனது? எதிர்ப் பக்கத்தை முழுசாகப் பார்த்து வைத்திருந்தான் அவன். விரலையும் பந்தின் உயரத்தையும் பார்த்த நாம் அவன் என்ன பார்க்கிறான் என்று கேட்கவில்லை. அவனாக வாயைத் திறந்து சொன்னான், நான் வாயை மூட வைத்தேன்.

அப்புறம் நடந்தது தெரியும். கேம்பில் அவனுக்கு 'நடுங்கி' என்று பெயர் வைத்தது நான். டீமில் இருந்தவரைக்கும் வொர்க்‌ஷாப்பில் நிழலில் டியூட்டி. டீமை விட்டு எடுத்ததும் மணலுக்குள்ளே பைப்லைன் சைட்டுக்குப் போனான். இரண்டு வெயில் காலம் தாங்கினான், விசாவைக் கேன்சல் பண்ணிக்கொண்டு ஊருக்குப் போனான். பந்தைத் திரும்பத் தொடவே இல்லை என்று கேள்வி. ஒரு நாளாவது, நீங்கதானே அண்ணே சொன்னீங்க என்று அவன் என்னைக் கேட்டிருக்கலாமே. ஏன் கேட்கவில்லை?

நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "அந்த நடுங்கிப் பய என்ன ஆனான்?" என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. உங்களுக்கு ஞாபகம் இருந்ததா மச்சான்? எனக்காகச் சொல்லாமல் விட்டீர்களா?

"இதை முருகேசன் மாமாவுக்கு அனுப்பட்டுமா?" என்று நேற்றுக் கேட்டாள் செல்வி. அவன் நம்பரையும் தேடி எடுத்துவிட்டாள். வேண்டாம் என்றேன். வயசான காலத்தில் உங்கள் பேரும் என் பேரும் கெடுமே என்று ஒரு ராத்திரி யோசித்தேன். காலையில் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஃபோனில் அனுப்பிவிட்டு இங்கே உட்கார்ந்திருப்பதும் சரியில்லை.

வெள்ளிக்கிழமை டிக்கெட். திருச்சியில் இறங்கி, நம் வீட்டுக்குப் போகும் முன்னால் அறந்தாங்கிக்குப் போகிறேன். அவன் முன்னால் உட்கார்ந்து அந்தக் குரலைப் போட்டுக் காட்டுவேன். அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் கேட்கட்டும். உங்களைச் சாக்காகச் சொல்ல மாட்டேன். அவன் வெளியே போகச் சொன்னால் போய்விட்டு, மறுநாளும் வருவேன். இது உங்களுக்குச் சத்தியம்.

பஷீர் பாய் போய்விட்டார். தங்கச்சாமி, சுப்பையா, பட்டாணி குல்கான் எல்லோரும் போய்விட்டார்கள். நீங்களும் போய்விட்டீர்கள். அன்றைக்குக் கோர்ட்டில் இறங்கிய ஆறு பேரில் இன்னும் உயிரோடு இருப்பது முருகேசன் ஒருத்தன்தான்.

உங்கள் மச்சினன்,
காளிமுத்து