இஸ்திரி அறையின் சாவி

அன்புள்ள வாயாடிக்கு,

நலம். புது ஊரில் நீயும் வீட்டுக்காரரும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னடா இவள், காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளே என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. இனி என் குரலைப் பதிந்து உன் ஃபோனுக்கு அனுப்புவதாக இல்லை.

சலவைக்கூடத்தில் புது பாய்லர் வந்துவிட்டது. சத்தம் குறைவு. இஸ்திரி அறைச் சாவிதான் இப்போது என்னிடம் இல்லை. இவ்வளவு பயப்படுறவங்க கையில எப்படிம்மா குடுக்கிறது என்று சிரித்துக்கொண்டே மேனேஜர் வாங்கிக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் மடிப்பு மேசையில், நம்மோடு துணி மடிப்பாளே அந்த ஒல்லிக்குச்சி, என்னைப் போலவே, இஸ்திரிப் பெட்டிய அணைச்சேனாடி, சத்தியமா ஞாபகமில்லடி என்று இழுத்தாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அது நான் உனக்கு மட்டும் அனுப்பியது. நீ இங்கே வேலை பார்த்தபோது, நான் இல்லாத நேரமாகப் பார்த்து, சாப்பாட்டு வேளையில் போட்டுக் காட்டுவாயாமே? ஒருநாள் மேனேஜரும் நின்று கேட்டாராம்.

மனசுல போட்டுக் குழப்பிக்காத, எங்கிட்ட கொட்டிட்டு நிம்மதியா தூங்கு என்று சொன்னது நீதானே? கொட்டினேன். தூங்கினேன். பாவி, இப்போது அந்தத் தூக்கமும் போச்சு! ஒருநாள்கூட நான் பெட்டியை அணைக்காமல் போனதில்லை. உனக்குத் தெரியும். அதை மட்டும் ஏனடி யாரிடமும் சொல்லவில்லை?

சாவி போனாலும் பயம் போகவில்லை, வீட்டு அடுப்பைப் பிடித்துக்கொண்டது. அணைத்ததும், அணைச்சிட்டேன் என்று எனக்கே சத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன். குழாயைத் திறந்து தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறேன். கொஞ்சம் அடங்குகிறது. தண்ணீர் யாரிடமும் போய்ச் சொல்லாது பார்.

மேனேஜரிடம் நீ உண்மையைச் சொன்னால் சாவி எனக்குத் திரும்ப வரும். சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். என் குரல் எல்லாவற்றையும் அழித்துவிடு. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவசரப்படாதே. உன் பிரசவத்தன்று, கண்ண முழிச்சதும் ஒரு வார்த்தை சொல்லுடி, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல என்று அழுதுகொண்டே அனுப்பினேனே, அது. அதையும் போட்டுக் காட்டினாயா என்று கேட்க மாட்டேன். அழிக்கும் முன் ஒரு தடவை, பக்கத்தில் யாரும் இல்லாதபோது, கேள்.

குழந்தை நன்றாக இருக்கட்டும். தவழ ஆரம்பித்திருப்பான், வெந்நீர்ப் பாத்திரத்தைத் தரையில் வைக்காதே.

இப்படிக்கு,
நீ பெயர் வைத்த பயந்தாங்கொள்ளி