நிமிராமல் அடித்த கடிதம்

14 செப்டம்பர் 1989, வியாழன்

இன்று கம்பெனியில் புதுக் கம்ப்யூட்டரில் முதல் கடிதம் அடிக்க உட்கார்ந்தேன். திரையில் தெரியும் ஃபைல் படத்தின் மேல் மவுஸால் இரண்டு தட்டு தட்டினால் திறக்கும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். தட்டினேன். படம் கறுத்தது. திறந்துவிட்டது என்று நினைத்து, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழக்கியபடி, பார்த்து அடிக்க வேண்டிய தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அடித்துக்கொண்டே போனேன். நடுவில் 'டிங் டிங்' என்றது. டைப்ரைட்டரில் வரி முடியும்போது அடிக்கிற மணி என்றே நினைத்தேன்.

நிமிர்ந்தால் கடிதத்தைக் காணோம். ஃபைலின் பெயர் இருந்த இடத்தில் 'டியர் சார்' என்று நிற்கிறது. நான் தட்டிய வேகம் போதவில்லையாம். ஃபைல் திறக்கவே இல்லை. அடித்ததெல்லாம் அதன் பெயர்மேல் விழுந்திருக்கிறது.

போன மாதம் சேர்ந்த ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். "இன்னாக்கா, பாக்காமயே அடிச்சிக்கினு கீறீங்க?" மவுஸை வாங்கி டக்டக்கென்று தட்டினாள். திறந்துகொண்டது.

"இனிமே இத ஸ்டெல்லாவே பாக்கட்டும்மா," என்றார் மேனேஜர்.

பார்க்காமல் அடிக்கிறேன் என்றுதானே இதே மனுஷன் என்னை வேலைக்கு எடுத்தார்?

சாயங்காலம் என் டைப்ரைட்டருக்கு உறை போட்டு மூடினேன். நாளைக்கு அந்த உறையை எடுக்கச் சொல்வாரா, தெரியவில்லை. திருவாண்டார்கோயிலில் பஸ் ஏறியதிலிருந்து வில்லியனூர் வரைக்கும் விரல் மடியில் தட்டிக்கொண்டே வந்தது. இப்போதும் தட்டிப் பார்க்கிறேன். வேகம் வரவில்லை.