முதல் வரிசை

என் அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிப் பதனிடும் தோலைத் திருப்ப மாட்டேன் என்று நான் தோல் ஷாப்பு வேலையை விட்டது உனக்குத் தெரியும். "வெள்ளிக்கிழமை லீவு தர்றேனே, அன்னிக்குக் கும்பிட்டா உங்க சாமி கோச்சுக்குமா?" என்றார் முதலாளி சாயபு. நான் பெரிய அப்போஸ்தலன் மாதிரி மறுத்தேன். அந்த வேலைக்கு நீ போனாய்.

இரண்டு வருஷமாக முதல் வரிசையில் ஜெபம் பண்ணிவிட்டு வந்து, உன் ஞாயிற்றுக்கிழமைச் சோற்றைத்தான் சாப்பிடுகிறேன். "சாமி ஒனக்கு, சுண்ணாம்பு புள்ளைக்கா?" என்கிறாள் உன் அம்மா.

இந்த ஞாயிறும் நீ இராப்போஜனத்துக்கு வராவிட்டால், சபையிலிருந்து உன் பெயரை அடித்துவிடுவாராம் போதகர். எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. நீ கோயிலுக்குப் போ. சாயபுவிடம் சொல்லிவிட்டேன், அன்றைக்கு உன் தொட்டியில் நான் இறங்குகிறேன். முதல் வரிசையில் என் இடம் காலியாகத்தான் இருக்கும்.

உன் அப்பன்